பவர் பிரஸ்ஸில் நசுங்கிய கை மறுபடி வேலை செய்யுமா?

கேள்வி இது. பெங்களூர் பீன்யாவில் ஒரு சிறு பட்டறையில், தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்த 26 வயதுத் தம்பியின் வலது கை டைக்குள், அதாவது அழுத்தும் அச்சுக்குள், சிக்கிவிட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. பெருவிரலில் பாதிக்கு மேல் போய்விட்டது. புறங்கையில் தோல் இல்லாமல் எலும்பு தெரிகிறது. நான்கு நாளில் இரண்டு முறை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அடுத்து கையைத் தொடை இடுக்கில் வைத்துத் தைத்து மூன்று வாரம் விடவேண்டும், பின்னால் கால்விரலை எடுத்துப் பெருவிரலாக வைக்கலாம் என்கிறார் டாக்டர். “இப்படியெல்லாம் உண்மையிலேயே செய்வார்களா? விரல்களை ஐஸில் போட்டுத்தானே கொண்டுபோனோம், ஏன் ஒட்டவில்லை? அவன் மறுபடி வேலைக்குப் போவானா?” என்று கிருஷ்ணகிரியிலிருந்து வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அக்கா எழுதிக் கேட்கிறார்.

நான் சர்ஜன் இல்லை, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அடிபட்டவர்களை அன்றாட வேலைக்குப் பழக்குபவள். 19 ஆண்டுகளாகப் பெங்களூரில் கைகளை மட்டுமே பார்த்து வருகிறேன். பீன்யா, பொம்மசந்திரா பட்டறைகளிலிருந்து வருகிற பலரிடம் தமிழில்தான் பேசுகிறேன். சர்ஜன் தைத்து முடித்த பிறகு மாதக்கணக்கில் அந்தக் கை என் மேஜைமேல்தான் கிடக்கும். அதனால் என் பார்வையில் ஒரு சாய்வு உண்டு. கை எப்படித் தெரிகிறது என்பதைவிட, அது எதைப் பிடிக்கும், சோற்றைப் பிசையுமா, சட்டைப் பொத்தானைப் போடுமா என்றே என் கண் போகும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஐஸ் விஷயம். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. விரல்களை நேராக ஐஸ் கட்டிமேல் போட்டது தவறுதான், திசு உறைந்து செத்துவிடும். ஆனால் உங்கள் தம்பியின் விரல்கள் ஒட்டப்படாததற்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பவர் பிரஸ் விரலை நசுக்கிப் பிய்க்கிறது. அரிவாளில் துண்டான கீரைத்தண்டையும் அம்மியில் நசுங்கிய கீரைத்தண்டையும் நினைத்துப் பாருங்கள். முன்னதை நுனியோடு நுனி சேர்க்கலாம், பின்னதில் சேர்ப்பதற்கு நுனியே இருக்காது. விரலின் இரத்தக்குழாய் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலம். அதை மைக்ரோஸ்கோப்பின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள். குழாயின் உட்சுவர் வழவழப்பாக இருந்தால்தான் இரத்தம் உறையாமல் ஓடும். நசுங்கிய குழாயில் அந்த உட்சுவர் வெட்டுவாயிலிருந்து வெகுதூரம் உள்ளே வரை கிழிந்திருக்கும். தைத்தாலும் சில மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். முழுதாகத் துண்டான பெருவிரலை முதன்முதலில் ஒட்டி வெற்றி கண்டவர்கள் ஜப்பானின் கொமாட்சுவும் தமாயும், 1965-இல். அன்றைக்கு இல்லாத கருவிகள் இன்றைக்கு எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் நசுங்கிய விரலைப் பார்த்துச் சர்ஜன் தலையசைப்பது இன்னும் நிற்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒட்ட முடிந்தால்கூட ஒட்டியே ஆகவேண்டும் என்பதில்லை. நகரத்துப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருந்த ஒருவர், ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் துண்டாகி, எப்படியாவது ஒட்டுங்கள் என்று மன்றாடி ஒட்டவைத்துக்கொண்டார். விரல் பிழைத்தது. ஆனால் மடங்கவில்லை. குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு, சட்டைப் பைக்குள் கைவிட்டால் இடித்தது, கொறடைப் பிடித்தால் குறுக்கே நின்றது, மார்கழிக் குளிரில் விறைத்து வலித்தது. நடுவிரலுக்கும் பெருவிரலுக்கும் இடையில் கம்பியைப் பிடிக்க அவர் தானாகவே பழகிக்கொண்டார். ஓராண்டு கழித்து வந்து, “அம்மா, இதை எடுத்துவிடச் சொல்லுங்கள்” என்றார். எடுத்த பிறகு அவர் வேலை வேகமானது. பெருவிரல் என்றாலும், பல விரல்கள் ஒன்றாகப் போனாலும், அடிபட்டது குழந்தை என்றாலும் சர்ஜன்கள் எப்பாடுபட்டாவது ஒட்டப் பார்ப்பார்கள். பெரியவருக்கு ஒற்றை விரல் அடியில் துண்டானால் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் அந்த வெள்ளிப் பட்டறைக்காரர் போன்றவர்கள்தான், சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள்.

தம்பியின் பட்டறையில் இன்னும் பலர் அதே பிரஸ்ஸில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். துண்டான பகுதியைச் சுத்தமான துணியில், முடிந்தால் சலைனில் நனைத்துப் பிழிந்த துணியில், சுற்றுங்கள். அதைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயை இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த டப்பாவுக்குள் வையுங்கள். ஐஸ் விரலைத் தொடக்கூடாது. தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் அதை அறுத்து எடுக்காதீர்கள், அந்தத் தோலில் ஒரு குழாய் ஓடிக்கொண்டிருக்கலாம். காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தினாலே பெரும்பாலும் இரத்தம் நிற்கும். காப்பித்தூள், மஞ்சள்தூள், மெஷின் ஆயில் எதுவும் வேண்டாம். விரலில் தசை இல்லாததால், குளிரில் வைத்தால் அரை நாளுக்கு மேலும் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் கதை வேறு. தசை உள்ள பகுதி குளிரில் வைக்காவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் கெட்டுவிடும். தும்கூர் சாலை நெரிசலில் அந்த ஆறு மணி நேரம் எப்படிக் கரையும் என்று உங்களுக்கே தெரியும்.

டாக்டரிடம் பேசும்போது ஒரு சொல்லில் எச்சரிக்கையாக இருங்கள்: நரம்பு. நம் பேச்சில் கையில் நீலமாகத் தெரிகிற இரத்தக்குழாயும் நரம்பு, மடக்கினால் புடைக்கிற, தசையை எலும்போடு இணைக்கிற தசைநாணும் நரம்பு, உணர்ச்சி கொண்டுபோவதும் நரம்பு. “நரம்பு போய்விட்டதாம்” என்று ஒரு தாய் என்னிடம் வந்து அழுதிருக்கிறார். விசாரித்தால் போனது ஒரு தசைநாண், அதற்கும் மாற்று வழி உண்டு. இரத்தக்குழாய் போனால் விரல் உயிரோடு இருக்குமா என்பது கேள்வி, அது சில நாளில் தெரிந்துவிடும். தசைநாண் போனால் மடங்குமா, நீளுமா என்பது கேள்வி, அதற்கு மூன்று மாதமாவது ஆகும். உணர்வு நரம்பு போனால் சூடு, குளிர், முள், பஞ்சு தெரியுமா என்பது கேள்வி. தைத்த நரம்பு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டில் தைத்தால் விரல்நுனிக்குப் போய்ச் சேர ஆறேழு மாதம் ஆகலாம். அடுத்த முறை டாக்டர் நரம்பு என்றால், மூன்றில் எது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

இனி, உங்களைத் திகைக்க வைத்த அந்தத் தையல். தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டுவது எல்லோரும் அறிந்தது. அந்தத் தோலுக்குச் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. ஒட்டும் இடத்திலிருந்து உறிஞ்சித்தான் அது பிழைக்கவேண்டும். வெறும் எலும்பின் மேலும், உறையை இழந்த தசைநாண் மேலும் அது பிடிக்காது, பாறையில் நாற்று நட்ட மாதிரி. ஃபிளாப் என்பது தோலையும் அடிக்கொழுப்பையும் அவற்றுக்கு வரும் இரத்தக்குழாயோடு சேர்த்தே கொண்டுவருவது. தொடை இடுக்கில் அப்படி ஒரு நம்பகமான குழாய் ஓடுகிறது. அதை வைத்து மெக்ரிகரும் ஜாக்சனும் 1972-இல் விவரித்த முறைதான் உங்கள் டாக்டர் சொல்வது. தோலின் ஒரு முனை வயிற்றடியோடு ஒட்டியே இருக்கும், மறுமுனை புறங்கையில் தைக்கப்படும். மூன்று வாரத்தில் கைப்பக்கத்திலிருந்து புதிய குழாய்கள் அதற்குள் வளர்ந்துவிடும். அப்புறம் வயிற்றுப்பக்கம் அறுத்துவிடுவார்கள்.

தொடையிலிருந்து ஃபிளாப்பை முழுதாக வெட்டியெடுத்து, மைக்ரோஸ்கோப்பில் குழாய்களைக் கையில் இணைத்து, ஒரே நாளில் முடிக்கும் முறையும் உண்டு. மூன்று வாரச் சிறை இல்லை, கையை உயர்த்தி வைக்கலாம், சீக்கிரம் அசைக்கலாம். என்னைக் கேட்டால், செய்யத் தெரிந்த ஆளும் வசதியும் இருக்கும் இடத்தில் அதுவே எனக்குப் பிடிக்கும். ஆனால் நசுங்கிய கையில் இணைப்பதற்கு நல்ல குழாய் எங்கே என்று தேடவேண்டியிருக்கும். இருக்கிற ஒன்றிரண்டு நல்ல குழாய்களைப் பின்னால் வரும் கால்விரலுக்காகச் சேமித்து வைக்கவும் சர்ஜன் நினைக்கலாம். “ஒரே நாளில் முடிக்கும் முறை இவனுக்கு ஏன் வேண்டாம்?” என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல சர்ஜனுக்கு இந்தக் கேள்வியால் கோபம் வராது.

அந்த மூன்று வாரம் எப்படி இருக்கும் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பேன்ட் போட முடியாது, லுங்கிதான் வசதி. சட்டையை ஒரு பக்கம் அக்குளிலிருந்து கீழே வரை பிரித்து நாடா தைத்துக்கொடுங்கள். மல்லாந்துதான் தூங்கவேண்டும், முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் இழுவை குறையும். முதல் சில இரவுகள் ஆபத்தானவை. தூக்கக் கலக்கத்தில் கையை உருவ முயல்வார்கள். முழங்கையை உடம்போடு சேர்த்து அகலமான பட்டையால் கட்டச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் படுங்கள். குந்தி உட்காரும் கழிப்பறை ஆகாது. கைக்கும் வயிற்றுக்கும் இடையில் வேர்வை தேங்கி நாற்றம் வரும். அதைக் கண்டு பயப்படாமல் மெல்லிய பருத்தித் துணியை மடித்து வைத்து அடிக்கடி மாற்றுங்கள். தோல் வெளிறினாலோ நீலம் பாய்ந்தாலோ நள்ளிரவானாலும் நர்ஸை எழுப்புங்கள். பீடி, சிகரெட் அறவே கூடாது. பார்க்க வரும் நண்பர்கள் வாசலில் ஒன்று கொடுத்துவிட்டுப் போவார்கள், அதற்கும் காவல் வேண்டும். நிக்கோட்டின் குழாயைச் சுருக்கிவிடும்.

பிற்பாடு ஒரு வேடிக்கையும் உண்டு. அது வயிற்றுக் கொழுப்பு என்பதால், ஆள் தொப்பை போட்டால் புறங்கையும் சேர்ந்து பெருக்கும். திருமணமாகி மாமியார் வீட்டு விருந்தில் ஒரு சுற்றுப் பருத்த ஒருவர், கை வீங்கிவிட்டது என்று பதறி ஓடிவந்தார். மெலியச் சொல்லி அனுப்பினேன். கொழுப்பைப் பிறகு சிறு அறுவையில் குறைக்கவும் முடியும்.

நான் சொல்லவந்த முக்கியமான விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். உங்கள் கடிதத்தில் போன விரல்களைப் பற்றி மூன்று கேள்வி இருக்கிறது. போகாத இரண்டு விரல்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் இருக்கின்றன அல்லவா? இந்தக் கையின் எதிர்காலம் அவற்றிடம்தான் இருக்கிறது. அடிபட்ட கை வீங்கும். வீங்கிய கை தன்னிச்சையாக ஒரு நிலைக்குப் போகும்: மணிக்கட்டு கீழே தொங்கும், விரல்களின் அடிமூட்டு நேராக நிற்கும், நடுமூட்டுகள் மடங்கிக்கொள்ளும். இரண்டு மூன்று வாரம் அப்படியே விட்டால் மூட்டைச் சுற்றிய நார்கள் சுருங்கி, காயமே படாத விரல்களும் இறுகிவிடும். பிரஸ் மூன்று விரலை எடுத்தது, கட்டிலில் சும்மா கிடந்தது மற்ற இரண்டையும் எடுத்தது என்று முடிந்த கைகள் சில என் மேஜைக்கு வந்திருக்கின்றன. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இளைஞருக்குத் தையல் அவ்வளவு அழகாக இருந்தது. ஆனால் ஆறு வாரம் யாரும் அவர் விரலைத் தொட்டு மடக்கவில்லை. தெரபிக்கு அனுப்பும் சீட்டே எழுதப்படவில்லை. அந்தச் சுண்டு விரலை மீட்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று, அதுவும் முழுதாக இல்லை.

ஆகவே ஃபிளாப் நாளுக்கு முன்பே ஸ்ப்ளின்ட், அதாவது கையைச் சரியான நிலையில் தாங்கி நிறுத்தும் கட்டை, கேளுங்கள். மணிக்கட்டு சற்றுப் பின்னால் வளைந்து, விரல்கள் அடிமூட்டில் நன்றாக மடங்கி, நடுமூட்டும் நுனிமூட்டும் நேராக நிற்கும்படி அது இருக்கவேண்டும். தோளையும் முழங்கையையும் அசைக்கவேண்டும். தைத்த கையோடு மூன்று வாரம் கிடந்தால் தோளும் இறுகும். எலும்பு கட்டும் வைத்தியசாலைக்கு இடையில் அழைத்துப்போகலாமா என்று பாட்டி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். பாட்டியின் பாசம் புரிகிறது. ஆனால் இந்தக் கையில் ஓர் இறுக்கமான கட்டு போட்டால் ஃபிளாப் ஒரே நாளில் கருகிவிடும்.

கால்விரல் பற்றி. ஆம், செய்வார்கள், நன்றாகவும் செய்வார்கள். கையின் வேலையில் நூற்றுக்கு நாற்பது பங்கு பெருவிரலுடையது என்று எங்கள் துறையில் சொல்லிக்கொள்வது வழக்கம். ஆஸ்திரியாவில் நிக்கோலடோனி என்பவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலேயே இதற்கு வழி தேடினார். கையைக் காலோடு சேர்த்துக் கட்டி, வாரக்கணக்கில் அப்படியே வைத்துக் கால்விரலைக் கைக்கு மாற்றினார். உங்கள் தம்பிக்கு அந்தத் தண்டனை இல்லை. 1966-இல் சீனாவில் யாங் டோங்யுவேவும், 1968-இல் இங்கிலாந்தில் காபெட்டும் குழாய்களை மைக்ரோஸ்கோப்பில் இணைத்து ஒரே அமர்வில் செய்து காட்டிவிட்டார்கள். இன்று தேர்ந்த குழுவிடம் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் பிழைக்கின்றன.

எந்த விரல் என்பதில் நம்மூருக்கே உரிய ஒரு கணக்கு உண்டு. காலின் கட்டைவிரலை எடுத்தால் கைக்கு அகலமான, வலுவான பெருவிரல் கிடைக்கும். ஆனால் காலில் ஹவாய் செருப்பு நிற்காது, வார் பிடிக்க ஆள் இல்லை. இரண்டாம் விரலை எடுத்து இடைவெளியைச் சேர்த்துத் தைத்தால் கால் பார்க்கவும் அதிகம் தெரியாது, நடக்கவும் செருப்புப் போடவும் தடை இல்லை. கையில் மட்டும் பெருவிரல் சற்று ஒல்லியாக இருக்கும். வயல்வேலையும் வெறுங்கால் நடையும் உள்ள குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டாம் விரலையே தேர்ந்தெடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இப்போதே முடிவெடுக்காதீர்கள். பெருவிரலில் மிச்சம் எவ்வளவு, அந்த மிச்சம் மோதிர விரலைத் தொடுமா என்பதைப் பொறுத்தது எல்லாம். சிலருக்குப் பெருவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் உள்ள பிளவை ஆழப்படுத்தினாலே பிடிமானம் வந்துவிடும். ஃபிளாப் தணிந்து மென்மையாகச் சில மாதம் ஆகட்டும். அதற்குள் இருக்கிற கையால் வேலை செய்து பார்த்துவிட்டு, எது முடியவில்லை என்று அவனே வந்து சொல்லட்டும். அறுவைக்குப் பிறகும் அந்த விரல் முதலில் மரத்துப்போன கட்டை மாதிரிதான் இருக்கும். நான் ஒரு டப்பாவில் ராகியும் இன்னொன்றில் துவரம்பருப்பும் நிரப்பி, உள்ளே ஒரு ரூபாய் நாணயம், சாவி, போல்ட் எல்லாம் புதைத்து, கண்ணை மூடித் தேடச் சொல்வேன். முதல் மாதங்களில் வெறும் கையோடு திரும்புவார்கள். ஒருநாள், “அக்கா, இது சாவி” என்பார்கள். பெரும்பாலோர் அதன் பிறகு கேட்பது வீட்டில் தட்டில் சோறு போட்டுப் பிசையலாமா என்றுதான். ஸ்பூனில் சாப்பிட்டுச் சலித்திருப்பார்கள்.

கொச்சியில் 2015-இல் செய்தார்களே, மூளைச்சாவு அடைந்தவரின் கையையே வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலும் 2018-இல் செய்தார்கள். அது இரண்டு கையும் இழந்தவர்களுக்கான வழி. வாழ்நாள் முழுதும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடவேண்டும். உங்கள் தம்பிக்கு அது வேண்டாம். தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோகலாமா என்றும் யோசிப்பீர்கள், அதற்கும் அவசரம் வேண்டாம். ஸ்டான்லியில் கைக்கென்றே துறை இருக்கிறது, கோவையிலும் இந்த வேலையில் பேர்பெற்ற குழு இருக்கிறது, வேலூரில் 1940களின் பிற்பாதியில் வந்த சர்ஜன் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளில் செய்த தசைநாண் மாற்றம் உலகெங்கும் பாடமானது. ஆனால் புறங்கை திறந்து கிடக்கும்போது ஆம்புலன்ஸில் ஊர் ஊராகப் போவது கெடுதல். முதலில் மூடட்டும். கால்விரலுக்கு வேண்டுமானால் அப்போது இன்னொரு கருத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

பணம். பட்டறையில் பத்துப் பேராவது வேலை செய்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருந்திருக்கவேண்டும். வேலையிடத்து விபத்துக்கு, சேர்ந்த முதல் நாளே ஆனாலும் உரிமை உண்டு. குணமாகும் வரை சராசரிக் கூலியில் ஏறத்தாழ 90 சதவீதம் வரும். முதலாளி விபத்து அறிக்கை அனுப்பினாரா என்று நேரில் போய்க் கேட்டு நகல் வாங்குங்கள். “வீட்டில் கதவிடுக்கில் நசுங்கியது என்று எழுதிக்கொள்ளலாம், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லும் முதலாளிகள் உண்டு. ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் அறுவைக்குப் பிறகு அவர்கள் போனை எடுக்கமாட்டார்கள், மூன்றாவது அறுவை உங்கள் தலையில் விழும். நிரந்தர இழப்புக்கான அட்டவணையில் பெருவிரல் முழுதும் போனால் 30 சதவீதம், ஒரே கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீதம் என்று இருக்கிறது. அவனுக்கு மொத்தம் எவ்வளவு என்பதை மருத்துவக் குழு முடிவு செய்யும். அதனால் ஒவ்வொரு டிஸ்சார்ஜ் தாளையும் எக்ஸ்ரேயையும் பத்திரமாக வையுங்கள்.

வேலைக்குப் போவான். அதே பிரஸ்ஸுக்கா என்பது வேறு. என்னிடம் வந்தவர்களில் சிலர் தரப் பரிசோதனைக்கும் ஸ்டோருக்கும் மாறினார்கள், ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், இருவர் பிரஸ் சத்தமே வேண்டாம் என்று ஊருக்குப் போய்விட்டார்கள். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று மனத்தில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடையில் கையைத் துண்டால் மூடிக்கொண்டே இருப்பான், தூக்கத்தில் டை இறங்குகிற மாதிரி திடுக்கிட்டு எழுவான், இல்லாத ஆள்காட்டி விரல் அரிக்கிறது என்பான். பைத்தியம் என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூளைக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. அதற்கும் கண்ணாடி வைத்துச் செய்யும் பயிற்சி இருக்கிறது.

இன்றைக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. டியூட்டி டாக்டரிடம், மோதிர விரலையும் சுண்டு விரலையும் அசைக்கத் தடை உண்டா என்று கேளுங்கள். எலும்பில் கம்பி ஏதும் போடாதிருந்தால் பெரும்பாலும் அசைக்கலாம் என்பார். அப்படிச் சொன்னால், கையை இரண்டு தலையணைமேல் நெஞ்சைவிட உயரமாக வைத்து, விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் பத்து முறை அந்த இரண்டு விரலையும் உள்ளங்கை பக்கம் மடக்கி நீட்டச் சொல்லுங்கள். வலிக்கும், பாதிதான் மடங்கும். நீங்கள் எண்ணிக்கொடுங்கள்.